கொள்ளுப் பானையும் புல்லுக்கட்டும்

முறிந்த பாய்மரத்தைச் சரிசெய்யக் கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிய 'ஆன்' என்ற கப்பலிலிருந்து கரையிறங்கி, 1660இல் மூதூர்ப் பக்கம் பிடிபட்டவர் றொபேட் நொக்ஸ். கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகளுக்கு மேல் கைதியாக இருந்துவிட்டுத் தப்பிப்போன பின், 1681இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலில் இத்தீவின் விலங்குகள் வரிசையாக வருகின்றன. மாடு, எருமை, பன்றி, ஆடு, மான், முயல், கரடி, யானை எல்லாம் உண்டு. குதிரையும் கழுதையும் செம்மறியும் இந்த மண்ணுக்குரியவை அல்ல என்று அவர் எழுதி வைத்திருக்கிறார்.

இங்கே குதிரை எப்போதும் கடல்வழி வந்து இறங்கிய விலங்கு. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தை 22 ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் இருவரையும் குதிரை வணிகன் ஒருவனின் பிள்ளைகள் என்றே மகாவம்சம் சொல்கிறது. ஒரு நாட்டுக்குப் புதிதாக வரும் விலங்கு தன் தீனியைக் கூடவே கட்டிக்கொண்டு வருவதில்லை. வந்த இடத்தில் இருப்பதைத்தான் அதற்குக் கொடுக்கிறார்கள். எதைக் கொடுத்தார்கள், அது என்ன செய்தது, இப்போது எதைக் கொடுக்கிறோம் என்று பார்த்தால், திருகோணமலை போன்ற ஒரு துறைமுக மாவட்டத்தில் இளங்குதிரை ஒன்றை ஓட்டத்துக்கு வளர்ப்பதில் மறந்துபோன ஒரு பாடம் தெரியவரும்.

பாண்டியரிடமிருந்து தொடங்கலாம். திருகோணமலைப் பிரெட்றிக் கோட்டை வாசலில் செதுக்கியிருக்கும் இரட்டை மீன்களைப் பார்த்தவர்களுக்கு அவர்கள் இங்கே வந்துபோன கதை தெரிந்திருக்கும். சடையவர்மன் வீரபாண்டியன் கோணமலையில் மீன்கொடி பொறித்ததைக் குடுமியான்மலைக் கல்வெட்டு பேசுகிறது. அதே 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுத் துறைகளில் அரபுக் குதிரைகள் ஆயிரக்கணக்கில் இறங்கின. ஆண்டுக்கு 10,000 குதிரை, ஒன்றுக்கு 220 பொன் தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்குத் தருகிறார். கணக்கில் மிகை இருக்கலாம். அவர் தரும் தீனி விவரம்தான் எனக்கு முக்கியம். பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்ட தானியமும் கொடுத்து, காய்ச்சிய பசுப்பாலைக் குடிக்கவும் வைத்தார்களாம். மார்க்கோ போலோ இன்னும் ஒருபடி மேலே போய், சோற்றோடு வேகவைத்த இறைச்சியைக் குதிரைக்குக் கொடுத்ததாகச் சொல்கிறார். குதிரைகள் நீடிக்கவில்லை, ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. இலாடம் அடிக்கவும் நோய் பார்க்கவும் ஆள் இல்லாததைப் போலோ காரணமாகச் சொன்னார். வெப்பமும் ஒரு காரணம்தான். ஆனால் இன்றைக்குக் குதிரை வயிற்றைப் பற்றித் தெரிந்ததை வைத்து அந்தத் தீனிப் பட்டியலைப் படித்தால், நோயின் பாதி அந்தப் பானைக்குள்ளேயே இருந்தது புரியும்.

விலைமதிப்புள்ள விலங்குக்கு மனிதன் விலைமதிப்புள்ள உணவைக் கொடுத்தான். தான் உண்டு மகிழும் நெய்யும் பாலும் சோறும் அதற்கும் பலம் என்று நம்பினான். அன்பிலிருந்து வந்த தவறு அது. அதனாலேயே இன்றும் அது சாகாமல் இருக்கிறது.

ஆங்கிலேயர் 1795இல் சென்னையிலிருந்து வந்து திருகோணமலையைப் பிடித்தார்கள். 1800ஆம் ஆண்டுக் கடைசியில் ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனவர், படையோடு இங்கே வந்து தங்கினார். கோட்டைக்குள் இருக்கும் பழைய வீடு ஒன்று இன்றும் அவர் பெயரைச் சுமந்து நிற்கிறது. அவர்களுடைய படைப் பழக்கம் சென்னைப் பழக்கம். குதிரைத் தீனியும் சென்னைத் தீனி. வட இந்தியாவில் படைக்குதிரைக்குக் கடலை. தெற்கே கொள்ளு. வறண்ட செம்மண்ணில், ஒன்றிரண்டு மழையில் விளைந்து, மலிவாகக் கிடைத்த பயறு அது. சோழமண்டலக் கரையின் மற்றத் தானியங்களைப் போல அதுவும் தோணியேறி வந்தது.

கொள்ளுப் பானையைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். முதல்நாள் இரவு கல்லும் மண்ணும் புடைத்தெடுத்த கொள்ளைத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். விடியுமுன் அடுப்பில் ஏறும் பானை, ஒரு மணியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் தோல் விலகி மாவாக நசுங்கும் பதத்தில் இறங்கும். அந்த வாசனை லாயம் முழுக்கப் பரவும்போதே குதிரைகள் தரையை உதைக்கத் தொடங்கிவிடும். ஆறவைத்து, உப்புப் போட்டு, தவிடு தூவிப் பிசைந்து, உருண்டை பிடித்துக் கையாலேயே ஊட்டுவதும் உண்டு. கொள்ளு என்றால் வாயைத் திறக்கிற குதிரை கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று நம்மவர்கள் சொன்னது சும்மா இல்லை.

அவிப்பதில் அறிவு இருந்தது. பச்சைக் கொள்ளில் புரதத்தைச் செரிக்கவிடாமல் தடுக்கும் பொருட்கள் உண்டு. வெந்தால் அவை அழிந்துபோகும். அதன் பிறகு அந்தப் பயற்றிலிருக்கும் 22 வீதமளவு புரதம் வளரும் குதிரைக்குத் தசையாகும். பாண்டியர் கொடுத்த சோற்றையும் நெய்யையும் விட இது எவ்வளவோ மேல்.

ஆனால் குதிரையின் தெம்புக்கான பெயர் முழுவதையும் கொள்ளு எடுத்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற ஒரு ஆளை எல்லோரும் மறந்துபோனார்கள். அந்தக் காலத்துச் சென்னை மாகாணத்தில் ஒரு குதிரைக்கு இரண்டு ஆள். ஒருவர் குதிரைக்காரர், மற்றவர் புல் கொண்டுவருபவர். பல இடங்களில் குதிரைக்காரரின் மனைவிதான் அந்தப் புல்லுக்காரி. சிறிய இரும்புத் தகடு ஒன்றோடு காலையில் புறப்பட்டு, வரப்பிலும் குளக்கரையிலும் குந்தியிருந்து, அறுகம்புல்லை வேரோடு சுரண்டியெடுத்து, மண்ணை அடித்து உதறி, தண்ணீரில் அலசி, தலைச்சுமையாகக் கொண்டுவந்து லாயத்தில் போடுவாள். மண் போகாவிட்டால் அது குதிரையின் குடலில் தங்கி வயிற்றுவலி கொடுக்கும் என்பது அவளுக்குத் தெரியும். நம்முடைய மணற்பாங்கான கரையோரத்தில் இன்றும் மருத்துவர்கள் எச்சரிக்கும் நோய் அது. துரைமார் எழுதிவைத்த குறிப்புகளில் குதிரைக்காரன் கொள்ளைத் திருடித் தின்கிறான் என்ற புகார் திரும்பத் திரும்ப வருகிறது. அதனால் தங்கள் கண்முன்னாலேயே தீனி வைக்கச் சொன்னார்கள். தன் பிள்ளைக்குக் கிடைக்காத பயற்றைக் குதிரைக்கு ஊட்டிய மனிதனை அந்தப் புகார்களுக்கு நடுவில்தான் நாம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பெண்ணைப் பற்றியோ புகார்கூட அதிகம் இல்லை.

அந்தக் குதிரைகளை ஓடவைத்தது அவளுடைய புல்லுக்கட்டு என்று நான் துணிந்து சொல்வேன். காரணம் குதிரையின் உடற்கட்டிலேயே இருக்கிறது.

மாட்டுக்கு நான்கு அறை வயிறு முன்னால். குதிரைக்கு இருப்பது ஒரே வயிறு. அவ்வளவு பெரிய உடம்புக்கு அது 8 முதல் 15 லீற்றர் கொள்ளும் சின்னப் பை. அதில் அமிலம் இரவுபகலாகச் சுரந்துகொண்டே இருக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். அதைத் தணிப்பது உமிழ்நீர். குதிரைக்கு உமிழ்நீர் மெல்லும்போது மட்டும்தான் ஊறும். ஒரு கிலோ தானியத்தைச் சில நிமிடங்களில் விழுங்கிவிடும் குதிரை, ஒரு கிலோ காய்ந்த புல்லை மெல்ல முக்கால் மணிநேரம் வரை எடுக்கும். வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. வேலை எல்லாம் பின்பக்கம், பெருங்குடலில் நடக்கிறது. அங்கே வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் புல்லின் நாரைப் புளிக்கவைத்துக் கொழுப்பமிலங்களாக்கிக் குதிரைக்குக் கொடுக்கின்றன. மணிக்கணக்கில் அடங்கி எரியும் உமிச்சூளை போன்ற அந்தச் சக்திதான் நீண்ட ஓட்டத்துக்கு ஆதாரம். அதே நார் பெருங்குடலில் தண்ணீரையும் உப்புகளையும் பிடித்து வைத்திருப்பதால், வியர்த்து ஓடும் குதிரை அந்த இருப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

மாச்சத்து மிகுந்த தானியத்தை ஒரே வேளையில் அளவு மீறிக் கொட்டினால், சிறுகுடலில் செரிக்காத மிச்சம் அந்தப் பெருங்குடலுக்குள் போய்விழுகிறது. நல்ல நுண்ணுயிர்கள் செத்து, உள்ளே புளிப்பு ஏறி, வயிற்றுவலியோ குளம்பு அழற்சியோ வருகிறது. பாண்டியரின் சோற்று உருண்டை செய்திருக்கக்கூடிய வேலை இதுதான். ஐரோப்பாவில் பார வண்டி இழுத்த குதிரைகளுக்குத் 'திங்கட்கிழமை நோய்' என்று ஒன்று இருந்தது. ஞாயிறு ஓய்வு, தீனியோ வேலைநாள் தீனி. திங்கள் காலை ஏர்க்காலில் பூட்டிக் கொஞ்சத் தூரம் போகுமுன் பின்தொடைத் தசைகள் இறுகி நின்றுவிடும். சிறுநீர் கறுத்துப் போகும். ஓய்வுநாளில் தானியத்தைக் குறைக்க வேண்டும் என்ற விதி அந்தக் குதிரைகள் பட்ட பாட்டிலிருந்து பிறந்தது.

இலங்கையில் இந்த அறிவின் தொடர்ச்சி இடையில் அறுந்தது. 1956இல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்க அரசு குதிரைப் பந்தயத்தை நிறுத்தியது. நுவரெலியாவில் ஓட்டங்கள் 1980களில்தான் மீண்டும் தலையெடுத்தன. நடுவில் ஒரு தலைமுறை போய்விட்டது. அந்தக் காலத்தில் லாயத்தில் கைப்பழக்கமாக இருந்ததை இன்று இளைஞர்கள் புத்தகத்தில் தேடுகிறார்கள். திருகோணமலையில் றோயல் கடற்படை 1957இல் கப்பலேறிப் போனது. இங்கே பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிட்டத்தில் தெரிந்த குதிரை வேட்டைத் திருவிழாவில் சுவாமி எழுந்தருளும் மரக்குதிரை வாகனம்தான்.

பாக்கு நீரிணைப் பக்கம் நெடுந்தீவில் மட்டும் ஒரு சாட்சி உயிரோடு நிற்கிறது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை அங்கே கட்டாக்காலியாகத் திரிகின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற ஆங்கிலேய அதிகாரியின் கீழ் குதிரைப் பண்ணையாக இருந்த இடம் அது. லாயத்தின் கல்தூண்கள் இன்றும் இருக்கின்றன. 2015இல் குதிரைகள் திரியும் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கொள்ளு கிடையாது, ஓட்ஸ் கிடையாது. உவர்ப்புத் தண்ணீரும் கரம்பைப் புல்லும்தான். உருவம் சிறுத்துவிட்டது, வறட்சியில் தாகத்தால் விழுகின்றன, அந்தக் கொடுமையை யாரும் மறைக்கக்கூடாது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக அவற்றைத் தாங்கியது புல் மட்டுமே.

இனி இன்றைய நிலைக்கு வருகிறேன். ஓட்டத்துக்கோ தடைதாண்டலுக்கோ நெடுந்தூரச் சவாரிக்கோ பழக்கும் இளங்குதிரையின் தீனித்தட்டு உலகெங்கும் கடந்த 40, 50 ஆண்டுகளில் தலைகீழாக மாறியிருக்கிறது. முன்பு தானியத்தை அளந்துவிட்டுப் புல்லைக் கூடச் சேர்த்தார்கள். இப்போது புல்லை முதலில் அளக்கிறார்கள். உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்காவது நார்த்தீனி, அதுவும் ஈரம் போக்கிய கணக்கில். 400 கிலோ குதிரைக்கு அது 6 கிலோ காய்ந்த புல். பச்சையாக வெட்டினால் 25, 30 கிலோ. புல்லுக்காரியின் தலைச்சுமை ஏறத்தாழ இந்த எடைதான் இருந்திருக்கும் என்று நினைக்கும்போது அவள்மேல் எனக்கு மதிப்புக் கூடுகிறது.

அடுத்தது மாச்சத்துக்கு வரம்பு. ஒரு வேளைக்கு, உடலின் ஒரு கிலோ எடைக்கு 1 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்று இன்றைய வல்லுநர்கள் சொல்கிறார்கள். 400 கிலோ குதிரைக்கு அது 400 கிராம். ஒரு கிலோ ஓட்ஸிலேயே அந்த அளவு வந்துவிடும். சோளத்தில் மாச்சத்து இன்னும் அதிகம் என்பதால் 600 கிராமுக்கே எல்லை எட்டிவிடும். ஒரு வாளி சோளத்தைக் கொடுத்துவிட்டுக் குதிரை துள்ளுகிறது, பலம் ஏறிவிட்டது என்று மகிழ்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தத் துள்ளல் இரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும் படபடப்பு. விரைவில் அடங்கிப்போகும் அதை வைத்து இருபது கிலோமீற்றர் ஓட முடியாது.

அந்த இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டது. ஒரே எடையுள்ள தானியத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி, மாச்சத்து சுத்தமாக இல்லை, செரிக்கும்போது உடம்புக்குள் உண்டாகும் சூடும் குறைவு. கச்சான் காற்று அனலாய் வீசும் ஆடி ஆவணியில் இந்தக் கடைசிக் குணம் பெரிய உதவி. ஒரு நாளைக்கு 50 மில்லிலீற்றரில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்றி, 400 கிலோ குதிரைக்கு 400 மில்லிலீற்றர் வரை போகலாம். கூடவே விற்றமின் ஈ சேர்க்க வேண்டும். எண்ணெய் சட்டென்று பலன் காட்டாது. கொழுப்பை எரிக்கத் தசை பழகச் சில வாரங்கள் பிடிக்கும். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற நம் பழமொழி இங்கே அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது. மெலிந்த குதிரைக்குச் சதைபோட எண்ணெய்ச்சத்தைத் தேடு என்றுதான் இன்றைய ஆய்வும் சொல்கிறது.

இளங்குதிரை விஷயத்தில் இன்னொரு கவலையும் உண்டு. ஒரு வயதில் அது முழு உயரத்தில் 90 வீதத்தை எட்டிவிடும். இரண்டு வயதில் பார்க்க முழுக்குதிரைதான். ஆனால் முன்னங்காலின் முழங்காலுக்கு மேலே இருக்கும் எலும்பு வளர்ச்சித் தட்டு மூட ஏறக்குறைய இரண்டரை வயது ஆகும். முதுகெலும்பு முற்ற இன்னும் பல ஆண்டுகள். இந்த வயதில் தானியத்தைத் திணித்து அவசரமாகக் கொழுக்கவைத்தால் மூட்டுக் குருத்தெலும்பு சரியாக எலும்பாக மாறாமல் கோளாறாகிவிடும். இளமையில் உடம்பைப் பெருக்குவதைவிட எலும்பைக் கட்டுவதே பெரிய வேலை. எலும்புக்குக் கல்சியமும் பொஸ்பரஸும் வேண்டும். கல்சியம் ஒன்றரை முதல் இரண்டு பங்கு, பொஸ்பரஸ் ஒரு பங்கு.

நம்முடைய மாவட்டம் இந்த இடத்தில்தான் சறுக்கும். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சீனக்குடாவில் 1980 முதல் இயங்கும் பிறிமா மாவாலையை அறியாதவர் இல்லை. ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப்பெரிய மாவாலைகளில் ஒன்று. கோதுமை கப்பலில் வந்து மாவாகப் போகிறது. பக்கத்தில் மலைமலையாகத் தவிடு மிஞ்சுகிறது. மாட்டுக்கும் கோழிக்கும் அது அருமையான தீனி. பழைய காலத்துப் பழக்கத்தைக் கேள்விப்பட்டவர்கள் குதிரைக்கும் அதுவே நல்லது என்பார்கள். வெந்நீரில் குழைத்த தவிட்டுக் கூழ் ஒரு காலத்தில் எல்லா லாயங்களிலும் இருந்ததுதான். ஆனால் கோதுமைத் தவிட்டில் பொஸ்பரஸ் கல்சியத்தைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு. 2 கிலோ தவிட்டில் பொஸ்பரஸ் 20 கிராமுக்கு மேல் இருக்கும்; கல்சியம் 3 கிராமைத் தாண்டாது. அதைத் தினமும் தின்ற குதிரை, குறைந்த கல்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே பிடுங்கி இரத்தத்துக்குக் கொடுக்கும். முகத்தெலும்பும் தாடையும் முதலில் போகும். எலும்பு இருந்த இடத்தில் நார்த்திசு வந்து முகம் இருபுறமும் புடைக்கும். ஐரோப்பாவில் மாவாலைக்காரர்களின் குதிரைகளுக்கு இது அதிகம் வந்ததால், மாவாலைக்காரர் நோய் என்றே அதை அழைத்தார்கள்.

இரண்டாவது சறுக்கல் வீதியோரத்தில் ஆளுயரத்துக்கு நிற்கிறது. புல்லுக்காரி சுரண்டிய அறுகு இப்போது நம் கண்ணுக்குக் குறைவாகவே படுகிறது. கந்தளாய் வீதியிலும் வாய்க்கால் கரையிலும் மண்டிக்கிடப்பது கினிப்புல். ஆபிரிக்காவிலிருந்து, 19ஆம் நூற்றாண்டில் தீவனத்துக்கென்று இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட புல் அது. மாடு வளர்ப்பவருக்கு வரப்பிரசாதம். ஆனால் கினிப்புல்லும் நீர்ப்புல்லும் இவை போன்ற பல வெப்பமண்டலப் புற்களும் ஒக்சலேற் என்ற பொருளைத் தம்முள் வைத்திருக்கின்றன. அது கல்சியத்தைப் பற்றிப் பிடித்துக்கொண்டு, குதிரையின் சிறுகுடல் வழியே அப்படியே வெளியேறிவிடும். மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் முன்னறையிலேயே அதைச் சிதைத்துவிடுவதால் மாட்டுக்காரர் யாரும் இதைக் கண்டிருக்க மாட்டார். தவிடும் கினிப்புல்லும் மட்டுமே தின்று வளரும் இளங்குதிரை இரண்டு பக்கத்தாலும் கல்சியத்தை இழக்கும்.

நோய் முகத்தில் தெரியுமுன் நடையில் தெரியும். இன்று முன்னங்கால் நொண்டும், நாளை பின்னங்கால். எந்தக் காலையும் தொட்டுப் பார்த்தால் காயமோ வீக்கமோ இருக்காது. எட்டு குறுகும். படுத்தால் எழ யோசிக்கும். காய்ந்த புல்லை மெல்லாமல் உருட்டித் துப்பும், ஏனென்றால் பல்வேர் தளர்ந்திருக்கும். தெம்பு போதவில்லை என்று நினைத்து உரிமையாளர் இன்னும் ஒரு படி தவிட்டைக் கூட்டுவார். இதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

தீர்வு நம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கோழித்தீனிக் கடைகளில் விற்கும் சுண்ணாம்புக்கல் தூளோ மாவாக அரைத்த சிப்பித்தூளோ கல்சியம்தான். 2 கிலோ தவிட்டின் பொஸ்பரஸைச் சமன்செய்யச் சுமார் 80, 90 கிராம் சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். கினிப்புல்லுக்கான ஈடு வேறு. அதைக் கால்நடை வைத்தியரோடு பேசி முடிவுசெய்ய வேண்டும். அதைவிட நல்லது தவிட்டைக் கையளவுக்குக் குறைத்து, அறுகம்புல்லுக்கு ஒரு துண்டு நிலம் ஒதுக்குவது. குதிரைமசால் காய்ந்த கட்டாகக் கிடைத்தால் ஒன்றிரண்டு கிலோ சேர்க்கலாம். அதில் கல்சியம் நிறைய. பச்சை இலை என்று இபில் இபிலை ஒடித்துப் போட்டுவிடக்கூடாது. அதிலுள்ள மிமோசின் பிடரிமயிரையும் வால்மயிரையும் கொட்டவைக்கும். வேலிக்கு நட்ட கிளிசரியாவும் குதிரைக்கு ஆகாது.

ஓட்ஸ் வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பொருள். 2022இன் டொலர் நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதித் தீனியை நம்பி விலங்கு வளர்ப்பது எவ்வளவு ஆபத்து என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஆனால் நம் பக்கத்திலேயே இரண்டு பொருட்கள் கிடக்கின்றன. ஒன்று தேங்காய்ப் புண்ணாக்கு. புரதம் 20 வீதமளவில், எண்ணெய் கொஞ்சம், மாச்சத்து மிகக் குறைவு. அவுஸ்திரேலியாவில் ஓட்டக்குதிரைகளுக்கென்றே தனிப் பையில் அடைத்து இதை விற்கிறார்கள். தண்ணீரில் ஊறவைத்து உதிர்த்தால் குதிரை விரும்பித் தின்னும். மற்றது தம்பலகாமம், கந்தளாய், மூதூர் ஆலைகளில் நெல் தீட்டும்போது வரும் அரிசித் தவிடு. அதில் 15 வீதமளவு எண்ணெய் இருப்பதால், சூடாக்கிப் பதப்படுத்திய அரிசித் தவிடு அமெரிக்காவில் போட்டிக் குதிரைகளுக்கான விலை உயர்ந்த தீனி. இங்கே அது ஆலை வாசலில் சாக்கில் நிற்கிறது. தீட்டிய சில நாட்களிலேயே காறல் அடிக்கத் தொடங்கும் என்பதால் புதிதாக வாங்கி உடனே முடிக்க வேண்டும். கோதுமைத் தவிட்டைப் போலவே சுண்ணாம்புத் தூளும் அதற்கு வேண்டும். இரண்டையும் மார்கழி மழையில் தரையில் அடுக்கிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கின் நஞ்சு ஈரலைத் தாக்கும். மணத்தில் ஐயம் வந்தால் எறிந்துவிடுவதே மலிவு.

மாட்டுவண்டிச் சவாரிக்காரர்கள் இதைப் படித்தால் எங்களுக்குத் தெரியாத புண்ணாக்கா என்று கேட்பார்கள். உண்மைதான். வடக்கில் சவாரிக் காளைக்கு உழுந்தும் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் ஊட்டி, உடம்பைத் தடவித் தடவிக் கணக்குப் பார்க்கும் அந்தக் கைகளிடம் குதிரைக்காரர் கற்க நிறைய உண்டு. ஆனால் கடையில் வாங்கும் கலப்புத்தீனி வேறு கதை. கோழிக்கும் சில நாடுகளில் மாட்டுக்கும் தயாராகும் தீனியில் மொனென்சின், சலினோமைசின் போன்ற மருந்துகள் கலந்திருக்கும். கோழிக்கு அவை காப்பு. குதிரைக்கோ கிலோ எடைக்கு 2, 3 மில்லிகிராம் மொனென்சின் போதும், இதயத் தசை சிதைந்துவிடும். மாற்று மருந்தும் இல்லை. கோழித்தீனிச் சாக்கை லாயத்துப் பக்கமே வைக்கக்கூடாது. கோழித்தீனி அரைத்த ஆலையில் குதிரைக்கு அரைப்பதும் கூடாது. கொள்ளுப் பானைக் காலத்தில் இல்லாத ஆபத்து இது.

உப்பு மட்டும் மாறவில்லை. குதிரையின் வியர்வை நம்முடையதைவிட உப்புக் கூடியது. கடும் வேலையில் மணிக்கு 10 லீற்றருக்கு மேல் வியர்க்கும். நம் கரையோரத்து ஈரக்காற்றில் அந்த வியர்வை ஆவியாகிக் குளிர்ச்சி தருவதும் குறைவு. 400 கிலோ குதிரைக்கு வேலையில்லாத நாளிலும் 40 கிராம் உப்பு தீனியில் சேர வேண்டும். வியர்த்த நாளில் இரண்டு மடங்கு. நிலாவெளி, குச்சவெளி உப்பளங்களின் கல்லுப்பே போதும். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் நிற்க வேண்டும், ஓய்வுநாளில் 30 லீற்றர் குடிக்கிற குதிரை ஓடிய நாளில் 60 வரை கேட்கும்.

பிரெட்றிக் கோட்டை மான்களைப் பார்த்திருப்பீர்கள். வருகிறவர்கள் பாணும் சோற்றுப்பார்சல் மிச்சமும் நீட்ட, அவை கையில் வந்து வாங்கும். சில பொலித்தீனையும் சேர்த்து விழுங்கி வயிறு அடைத்துச் சாகின்றன. அன்போடு நீட்டிய கைகள்தான் எல்லாம். அதே தவறு குதிரைக்கும் நேராதிருக்க, நிலாவெளியிலோ உப்புவெளியிலோ கடற்கரைச் சவாரிக்கு ஒரு இளங்குதிரையைக் கொண்டுவர நினைப்பவர், விலை பேசுமுன் புல்லை யார் வெட்டுவது, எங்கே வெட்டுவது, அவருக்கு நாட்கூலி என்ன என்று முடிவுசெய்துகொள்ள வேண்டும். வந்த குதிரை பழைய இடத்தில் தின்ற தீனியில் இரண்டு வாரத்துக்குரியதைக் கையோடு வாங்கிவந்து, புதியதைப் பத்து நாளில் சிறுகச் சிறுகக் கலக்க வேண்டும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், தடவினால் விரலுக்குத் தட்டுப்படும் உடம்பே இளங்குதிரைக்குச் சரியான உடம்பு. வாரம் ஒருமுறை அதே இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தால், தீனியைக் கூட்டுவதா குறைப்பதா என்பது கைக்கே தெரிந்துவிடும்.